மணிமுத்தாவிலிருந்து வந்தவர்

கரும்பு அதிகாரி வீரமுத்துவுக்கு ஒரு பழக்கம். கம்ப்யூட்டர் அறையில் டெலிபோன் அடித்தால் அவர்தான் எட்டி எடுப்பார். "ஆபீஸ்ல யாரு இருக்கா?" என்று எதிர்முனையில் கேட்டால், எதிரே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கும் எழில்மதியைப் பார்த்துக்கொண்டே "யாரும் இல்ல, நான் மட்டும்தான்" என்பார். அவளை மட்டம்தட்ட வேண்டுமென்று சொன்னதாகவும் தெரியவில்லை. வேண்டுமென்றே சொல்லியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். நாற்காலி இருக்கிறது, பீரோ இருக்கிறது, மேலே ஃபேன் சுற்றுகிறது, அந்த வரிசையில் அவளும் ஒன்று. மூன்று வருஷமாக இதுதான் நடந்தது.

ஆலையின் பெயர் நீலாம்பிகை சர்க்கரை ஆலை. கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் போகிற சாலையில் இருந்தது. கம்ப்யூட்டர் அறையின் மேற்கு ஜன்னலைத் திறந்தால் கல்வராயன் மலை முழுக்கத் தெரியும். அந்த ஜன்னலை அவள் திறப்பதே இல்லை. அவளுடைய அப்பா இருசப்பன் அந்த மலைமேல்தான் எங்கோ மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தார். அவளோடு அவர் பேசி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அது தொண்ணூறாம் வருஷம். எங்கே பார்த்தாலும் இடஒதுக்கீட்டுப் பேச்சு. டீக்கடையில் பேப்பர் படிப்பவர் முதல் பஸ் கண்டக்டர் வரை யாருக்கு எத்தனை சதவீதம் என்று விரல் விட்டு எண்ணினார்கள். வீரமுத்துவின் சனமும் எங்கள் பங்கு எங்கே என்று கேட்டு ரோட்டில் உட்கார்ந்தது. கேட்டது நியாயம், எழில்மதிக்கு அதில் மறுபேச்சே கிடையாது. அவளும் ஒதுக்கீட்டில்தான் பாலிடெக்னிக்கில் இடம் வாங்கிப் படித்தாள். கூலிவேலைக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தவளுக்கு வேறு வழி ஏது? ஆனால் வீரமுத்து அவளுக்கு வைத்த பெயர் 'கோட்டா'. "ஏ கோட்டா, அந்த லிஸ்ட்ட எடு" என்பார். தன் பங்குக்காக வெயிலில் உட்காருகிற மனுஷனுக்கு இன்னொருத்தி வாங்கின பங்கு மட்டும் ஏன் கண்ணில் விழுந்த தூசியாக உறுத்த வேண்டும்? இதைக் கேட்க அவளுக்கு வாய் இருந்தது. வேலையும் வேண்டியிருந்தது.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறொன்று.

ஆலையில் முன்னால் நட்டவருக்கு முன்னால் வெட்டு. நடவுத் தேதியைப் பதிந்தால் ஒரு சீட்டுக் கொடுப்பார்கள், அதில் வரிசை எண் இருக்கும். அந்த எண்படி கட்டிங் ஆர்டர் வரும். ஆர்டர் வராமல் கரும்பை வெட்ட முடியாது, வெட்டினாலும் ஆலை எடுக்காது. இருசப்பன் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வயலில் வெட்டியவர். ஒரே ஒரு முறை மலையடிவாரத்தில், கோமுகி வாய்க்கால் பாய்கிற இடத்தில், இரண்டு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்துத் தன் கரும்பென்று நட்டார். வரிசையில் நாற்பத்தொன்று. சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஊரெல்லாம் காட்டினார். பட்டியல் ஒட்டிய அன்று போய்ப் பார்த்தால் நானூற்றுப் பன்னிரண்டு. நாற்பத்தொன்றில் கண்ணாயிரம் இருந்தார். கண்ணாயிரம் வீரமுத்துவின் மச்சான்.

இருசப்பன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வீரமுத்துவின் முன்னால் போய் நின்றார்.

"அய்யா, என்னுது நாப்பத்தொன்னுங்க. சீட்டு இருக்குது பாருங்க."

"அத என்னாண்ட இன்னாத்துக்குக் காட்டற? டைப் பண்ணது உம்பொண்ணு. நாலு, ஒன்னு அடிச்சிட்டு வெரலு சும்மா இல்லாம ரெண்டயும் சேத்துத் தட்டிக்கினா. போய் அவள கேளு" என்றார் வீரமுத்து.

"மாத்திக் குடுத்துடுங்களேன்."

"கம்ப்யூட்டர்ல ஏறினது ஏறினதுதான். இனிமே ஒன்னும் பண்ண முடியாது."

அவள் அடித்தது நாற்பத்தொன்றுதான். அடித்துச் சரிபார்த்து, இன்னொரு முறையும் பார்த்து வைத்தவள். ஆனால் அந்தக் கோப்பைக் கடைசியாக மாற்றியது யார் என்று, கம்ப்யூட்டரை ஓட்டுகிற யூனிக்ஸைக் கேட்டால் அது 'ரூட்' என்றது. ரூட் என்றால் அந்த இயந்திரத்துக்கே எஜமான், எதையும் மாற்றலாம், எதையும் அழிக்கலாம். அந்த எஜமானின் ரகசியச் சொல் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தி அவள், இன்னொருவர் வீரமுத்து. அவள் சாப்பிடப் போகிற அரைமணி நேரத்தில் அவர் வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்தது அவளுக்குப் பிறகுதான் புரிந்தது. ஜி.எம். கந்தசாமி விசாரித்தார். "ரூட்டா? எந்த ரூட்டு?" என்று பஸ்ஸைக் கேட்பது போலக் கேட்டார். "ரூட்டுன்னா பேர் இல்லாத ஆள் சார். எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர். நான் தொடல" என்றார் வீரமுத்து. ஜி.எம். நல்லவர், ஆனால் அவசரக்காரர். எழில்மதிக்கு ஒரு மெமோ கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார். இனிமேல் பட்டியலின் தலையில் தயாரித்தவர் பெயரைப் போட வேண்டும் என்று ஒரு உத்தரவும் போட்டார்.

மாசியில் அப்பாவின் கரும்பு பூத்துச் சாறு வற்றத் தொடங்கிவிட்டது. சித்திரையில் அரவை முடிந்து ஆலை நின்றது. வைகாசியில் அந்த இரண்டு ஏக்கரும் காய்ந்து, ஊர் அடுப்புகளுக்குச் சுமையாகப் போயிற்று. கடைசிச் சுமையைத் தூக்கி விட்டுவிட்டு இருசப்பன் வீட்டுக்கு வந்தார். மகளின் கையைப் பார்த்தார். "இந்த வெரலு அழுவிப் போவட்டும்" என்றார். மறுநாள் காலை வெள்ளிமலை பஸ் ஏறினவர்தான்.

அம்மா அழுதாள். எழில்மதி அழவில்லை. அவளுக்கு வந்தது அழுகை அல்ல, பழிவெறி. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்றுகூடத் தெரியாத அளவுக்கு அது நாக்கில் ஒட்டியிருந்தது. காலையில் எழுந்ததும் வீரமுத்துவின் முகம், படுக்கும்போதும் அதே முகம். கட்டின புருஷனைக்கூட இப்படி நினைக்க மாட்டார்கள்.

ஐப்பசி மாதம் ஆலைக்கு இன்னொரு யூனிக்ஸ் இயந்திரம் வந்தது. வீரமுத்து தன் அறையில் தனக்கென்று ஒன்று வேண்டுமென்று கேட்டு வாங்கினார். கம்ப்யூட்டர் அறையில் இருக்கிற பெரிய இயந்திரத்தின் பெயர் கோமுகி, இந்தப் புதியதற்கு மணிமுத்தா. நம் ஊர் ஆறுகளின் பெயரை வைக்கலாமே என்று விற்ற கம்பெனியின் இன்ஜினியர் தமிழரசன் சொன்னதால் வந்த பெயர்கள். கோமுகியில் இருக்கிற கரும்புக் கோப்புகளை, மணிமுத்தாவில் உட்கார்ந்தபடியே தன் சொந்தக் கோப்பு போலத் திறக்க வேண்டும். அதற்கு வராந்தா நெடுகக் கறுப்புக் கேபிள் இழுத்தாகிவிட்டது. மிச்ச வேலைக்குத் தமிழரசன் மெட்ராஸிலிருந்து புதன்கிழமை வருவதாக ஏற்பாடு.

புதன்கிழமை மறியல். உளுந்தூர்பேட்டையிலிருந்து கிளம்பின பஸ் ஒன்றுகூடக் கள்ளக்குறிச்சி வரவில்லை. புளியமரக் கிளைகளை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்கள். வீரமுத்துவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறியலுக்குப் போய்விட்டார். போகும்போது தன் அறைச் சாவியை எழில்மதியின் மேஜையில் போட்டார்.

"இன்ஜினியரு ஃபோன் பண்ணா கேட்டுக்கினு நீயே முடிச்சிடு. நான் என் ரூமுலேருந்தே ரூட்டா இருக்கணும், புரிதா? மிஷின் வாங்கின ஆர்டர்லயே எழுதி இருக்குது. அத மறந்துடாத கோட்டா."

"செஞ்சிடறேன் சார்" என்றாள்.

பதினோரு மணிக்குத் தமிழரசன் திண்டிவனத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டார். பின்னால் லாரிகளின் ஹாரன் சத்தம்.

"நகர முடியல மேடம். நான் சொல்லச் சொல்ல நீங்களே போடுங்க. எக்ஸ்போர்ட்ஸ்னு ஒரு ஃபைல் இருக்கும், திறங்க. அதுலதான் எந்த டைரக்டரியை எந்த மிஷினுக்குப் பங்கு குடுக்கிறோம்னு எழுதணும். கரும்பு டைரக்டரி பேர், அதுக்குப் பக்கத்துல மணிமுத்தாவுக்கு மட்டும் அனுமதின்னு. ஆச்சா?"

"ஆச்சு சார்."

"இப்ப கமா போட்டு, ரூட் ஈக்வல்ஸ் மணிமுத்தா."

அவளுடைய விரல் நின்றது. "அது எதுக்கு சார்? அது இல்லன்னா என்ன ஆவும்?"

"அது இல்லன்னா, அந்த மிஷின்லேருந்து ஒருத்தர் நான்தான் ரூட்டுன்னு வந்து நின்னா, கோமுகி நம்பாது. உங்க ஊருக்கு நீ எஜமானா இருக்கலாம், எனக்கு நீ யாரோன்னு அவர் பேரை நோபடின்னு மாத்திடும். அவர் உண்டாக்கற ஃபைல் எல்லாம் நோபடி பேர்லதான் விழும்."

"நோபடின்னா?"

"யாரும் இல்லன்னு அர்த்தம் மேடம்."

எழில்மதி ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். எதிரே சுவரில் வீரமுத்து வழக்கமாகச் சாய்ந்து நிற்கிற இடம் எண்ணெய்ப் பிசுக்காகத் தெரிந்தது. யாரும் இல்ல, நான் மட்டும்தான். மூன்று வருஷமாக அவள் காது கேட்ட வார்த்தை, இப்போது ஒரு இயந்திரத்தின் வாயிலிருந்து அவளுக்காகவே வந்தது போலிருந்தது. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"வேற யாருக்காவது அந்தப் பேர் வருமா சார்? நான் இங்க கோமுகியில எழுதினா?"

"வராது. நீங்க எழுதினா உங்க பேர். கோமுகியில ரூட்டா நுழைஞ்சு எழுதினா ரூட். இந்த நோபடி, மணிமுத்தாவோட ரூட்டுக்கு மட்டும்தான். ஆனா உங்க ஆபீசர் கேட்டிருக்காரே, அந்த வரியப் போட்டுடுங்க."

"போட்டுட்டேன் சார்" என்றாள். போடவில்லை.

ஃபோனை வைத்துவிட்டு நிதானமாக யோசித்தாள். அந்த வரி இல்லாவிட்டால் யாரும்-இல்லாதவருக்குப் பட்டியலைத் திருத்த உரிமை இருக்காது. திருத்தப் போனால் இயந்திரம் மறுக்கும். மறுத்தால் வீரமுத்து உஷாராகிவிடுவார், உடனே தமிழரசனுக்கு ஃபோன் போடுவார். தடுப்பதா அவளுக்கு வேண்டியது? தடுத்தால் நேர்மையான பட்டியல் வரும், அவ்வளவுதான். போன வருஷத்துப் பழி அவள் தலையில் அப்படியே கிடக்கும். அப்பா மலைமேல் அப்படியே இருப்பார்.

திருத்துகிற நிரல் எப்படி வேலை செய்யும் என்று அவளுக்குத் தெரியும். பழைய பட்டியலைத் தொடாது. புதிதாக ஒன்றை எழுதி, பழையதன் இடத்தில் வைத்துவிடும். அதற்கு, கோப்புகள் கிடக்கிற அந்த டைரக்டரியில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருந்தால் போதும். அப்படியே திறந்துவிட்டாள். வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வாசலில் ஈரமண்ணைப் பரப்பி வைக்கிற வேலைதான் அது. வருகிறவர் வரட்டும், கால்தடம் விழட்டும். மூல நகல் ஒன்றை டேப்பில் எடுத்துத் தேதி எழுதிப் பீரோவில் வைத்தாள். பிறகு வராந்தா வழியாக வீரமுத்துவின் அறைக்குப் போய், மணிமுத்தாவில் ரூட்டாக நுழைந்து ஒரு வெற்றுக் கோப்பை உண்டாக்கினாள். திரும்பி வந்து கோமுகியில் பார்த்தாள். உடையவர் என்ற இடத்தில் நோபடி. நின்றுகொண்டே அதை ஐந்து தரம் படித்தாள். அன்று மத்தியானம் எடுத்துவந்த புளிச்சோறு அவளுக்கு ருசித்தது.

மறுநாள் வீரமுத்து கழுத்தெல்லாம் கறுத்துப்போய் வந்து, அறைச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மணிமுத்தாவில் உட்கார்ந்து கரும்புக் கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்தார், திறந்தன. மணிமுத்தாவின் ரகசியச் சொல்லை அப்போதே மாற்றினார்.

"கம்பெனி ஃபாரம் சார், கையெழுத்து போட்டாதான் இன்ஜினியரு கணக்க முடிப்பாராம்" என்று எழில்மதி ஒரு தாளை நீட்டினாள். அவளே டைப் அடித்த தாள்தான். அதில் மூன்றாவது வரியில், மணிமுத்தாவின் ரூட் ரகசியச் சொல்லும் அறைச் சாவியும் என்னிடம் மட்டுமே உள்ளன என்று இருந்தது.

"ஆமா, எங்கிட்ட மட்டும்தான். இனிமே இதுக்கு நாந்தான் ராஜா. உன்னாண்ட குடுத்தா ஊரு உருப்படுமா?" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். ஜி.எம். பார்வைக்கென்று அவள் அதை அன்றே ஃபைலில் சேர்த்தாள்.

பதினெட்டு நாள் காத்திருந்தாள். தினமும் காலையில் வந்ததும் பட்டியலின் உடையவர் பெயரைப் பார்ப்பாள். 'எழில்' என்று இருக்கும். ஒருவேளை மனுஷன் திருந்திவிட்டாரோ என்று பயமாக இருந்தது. திருந்தக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். இப்படியெல்லாமா சாமியிடம் கேட்பார்கள் என்று கூச்சமாகவும் இருந்தது, இருந்தும் கேட்டாள்.

விவசாயிகள் கூட்டம் வியாழக்கிழமை. அதற்கு முந்தைய திங்கட்கிழமை காலை பார்த்தால் உடையவர் பெயர் மாறியிருந்தது. நோபடி. நேரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி பன்னிரண்டு நிமிஷம். டேப்பில் இருந்த நகலோடு ஒப்பிட்டாள். முந்நூற்று எட்டில் இருந்த கண்ணாயிரம் நாற்பத்து மூன்றுக்கு வந்திருந்தார். நாற்பத்து மூன்றில் இருந்த ஆயம்மாள் முந்நூற்று எட்டுக்குப் போயிருந்தாள்.

ஆயம்மாள் ஒரு ஏக்கர்காரி, புருஷன் இல்லாதவள். கண்ணாயிரம் ஊரில் பெருமையடித்ததில் சேதி தெரிந்து செவ்வாய்க்கிழமையே ஆலைக்கு ஓடிவந்துவிட்டாள்.

"எம்மா, எம்பேரு கீழ போயிடுச்சுன்னு சொல்லிக்கினு இருக்காங்களே, நெஜமா?"

எழில்மதியால் ஒரு நிமிஷத்தில் அதைச் சரிசெய்திருக்க முடியும். சரிசெய்தால் கால்தடம் அழிந்துவிடும். "வியாழக்கெழமை கூட்டத்துல கேளுக்கா, சீட்ட மறக்காம எடுத்துக்கினு வா" என்று மட்டும் சொன்னாள். ஆயம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அந்த முகத்தைப் பார்த்தபோது எழில்மதிக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. ஆனாலும் வியாழக்கிழமையை அவள் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

வியாழக்கிழமை ஆலை வளாகத்தில் புங்கமரத்தடியில் முந்நூறு பேருக்கு மேல் கூடினார்கள். வெட்டு ஆட்களைப் பதிவதும் அன்றைக்குத்தான் என்பதால் மலையிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்திருந்தார்கள். கொடுவாளைத் துண்டில் சுற்றிக்கொண்டு கடைசி வரிசையில் இருசப்பன் குந்தியிருந்தார். மகள் இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை.

அச்சுப் பட்டியல் ஆங்கிலத்தில் வரும். அதைத் தமிழில் கையால் எழுதிப் பலகையில் ஒட்டுவது எழில்மதியின் வேலை. காலையில் வீரமுத்து பலகையருகே போனார், மச்சானின் எண்ணைப் பார்த்தார், வந்துவிட்டார். தலைப்பை எந்த அதிகாரி படித்திருக்கிறார்?

ஆயம்மாள்தான் முதலில் எழுந்தாள். "சீட்டுல நாப்பத்திமூனு. பலகையில முன்னூத்தி எட்டு. எனக்கு நியாயம் சொல்லுங்க சார்."

வீரமுத்து உட்கார்ந்தபடியே சொன்னார். "டைப் பண்ண பொண்ணு இதோ நிக்கிது, கேளு. போன வருசம் சொந்த அப்பனுக்கே தப்பா அடிச்சவ. உனக்கு அடிக்க மாட்டாளா?"

சிலர் சிரித்தார்கள். கடைசி வரிசையில் இருசப்பன் தலையைக் குனிந்துகொண்டார். இந்த ஒரு வார்த்தையை இவர் முந்நூறு பேர் முன்னால் சொல்ல வேண்டுமென்றுதான் எழில்மதி காத்திருந்தாள்.

ஜி.எம். எரிச்சலோடு அவள் பக்கம் திரும்பினார். "திரும்பவுமா? யாரும்மா இதைச் செஞ்சது?"

"யாரும் இல்ல சார்."

"என்ன விளையாட்டு இது?"

"வெளையாட்டு இல்ல சார். நீங்க போட்ட உத்தரவுதான். தயாரிச்சவர் பேர பட்டியல் தலையில எழுதி இருக்கறேன், படிச்சுப் பாருங்க."

ஜி.எம். பலகையருகே போய் உரக்கப் படித்தார். "தயாரித்தவர்: யாரும் இல்லை." கூட்டம் கொல்லென்று சிரித்தது. வீரமுத்துவும் சிரித்தார், இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்ற நிம்மதியில்.

"கோமுகியில நான் எழுதினா எழில்னு வுழும் சார். நானே திருட்டுத்தனமா ரூட்டா எழுதினாலும் ரூட்டுன்னுதான் வுழும். யாரும் இல்லன்னு ஒரு பேரு வரணும்னா அதுக்கு ஒரே எடம்தான், மணிமுத்தா. அந்த ரூம் சாவி யாராண்ட இருக்குது, ரகசியச் சொல்லு யாருக்குத் தெரியும்னு அவரே எழுதிக் குடுத்துக் கையெழுத்து போட்டிருக்காரு. ஃபைல்ல இருக்குது" என்றாள் எழில்மதி.

"பொய் சார். ஏதோ மந்திரம் பண்ணி வெச்சிருக்கா" என்று எழுந்தார் வீரமுத்து.

"அப்ப வந்து ஒருவாட்டி எழுதிக் காட்டட்டும் சார். எல்லாரும் பாக்கட்டும்."

ஜி.எம். யோசித்தார். பிறகு ஆயம்மாளையும் இன்னும் நாலு விவசாயிகளையும் கூப்பிட்டார். "வெட்டாளுங்கள்ல ஒருத்தர் வாங்க" என்றபோது யாரோ இருசப்பனைத் தள்ளிவிட்டார்கள். வீரமுத்து இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் தன் அறையைத் திறந்தார். ரகசியச் சொல் மறந்துவிட்டது என்றார். நேற்றுவரை ராஜா என்று சொல்லிக்கொண்டவருக்கு அதற்குள் மறக்குமா என்று ஜி.எம். கேட்டதும் தட்டினார். அந்த டைரக்டரியில் ஒரு புதுக் கோப்பைத் திறந்து, ஜி.எம். சொன்னபடி உள்ளே தன் பெயரையே எழுதினார். வீரமுத்து, கரும்பு அதிகாரி.

எல்லாரும் வராந்தாவில் கேபிளை ஒட்டியே நடந்து கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார்கள். எழில்மதி தன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வரி தட்டினாள். திரையில் அந்தக் கோப்பு வந்தது. உடையவர்: நோபடி. அதற்கு மேலே பட்டியல், ஞாயிறு மத்தியானம் மூன்று பன்னிரண்டு, அதற்கும் உடையவர் நோபடி.

ஜி.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "உள்ள உம்ம பேர் இருக்கு. ஆனா எழுதினது யாரும் இல்லயாமே" என்றார் வீரமுத்துவிடம். "இந்த ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு நீர் எங்க இருந்தீர்?"

வாட்ச்மேன் நோட்டில் அவர் வந்த நேரமும் போன நேரமும் இருந்தன, அவர் கையெழுத்தோடு.

இருசப்பனுக்குக் கம்ப்யூட்டர் புரியவில்லை. ஆனால் குனிந்து நின்ற வீரமுத்துவின் பிடரி புரிந்தது. "போன வருசமும் இப்பிடித்தானுங்களா?" என்று கேட்டார். கேள்வி வீரமுத்துவுக்கு. இருசப்பன் திரும்பி, விசைப்பலகை மேல் இருந்த மகளின் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், "நான் இன்னிக்கி மலைக்குப் போவலம்மா. அம்மாவாண்ட சொல்லு" என்றார். அதற்குமேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை.

எழில்மதி அன்றுதான் அழுதாள். பீரோவைத் திறந்து டேப் எடுப்பது போல நின்று அழுதாள்.

டேப்பிலிருந்து பழைய பட்டியல் மறுபடி ஏறியது. ஆயம்மாள் நாற்பத்து மூன்று என்று எழுதியதைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழில்மதியிடம் வந்தாள்.

"செவ்வாக்கெழமையே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"மூனு நாளா எனக்குச் சோறு எறங்கல."

ஆயம்மாள் சீட்டை மடித்துச் செருகிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை வீரமுத்து சாவியை ஒப்படைக்க வந்தார். சஸ்பென்ஷன் உத்தரவு டைப் ஆகிறது, அதுவரை கம்ப்யூட்டர் அறையில் உட்காரும் என்று ஜி.எம். சொல்லி அனுப்பியிருந்தார். சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார். எழில்மதி மேற்கு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள், மலை தெரிந்தது.

டெலிபோன் அடித்தது. வீரமுத்துவின் கை பழக்கத்தில் எழுந்து, பாதியில் நின்றது. எழில்மதி எடுத்தாள்.

"கரும்பு ஆபீஸுங்களா? யாரு இருக்கீங்க அங்க?"

அவள் அவசரப்படவில்லை. ரிசீவரைப் பிடித்தபடி ஸ்டூலில் இருந்தவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். அவர் தன் கண்ணைப் பார்க்கும்வரை காத்திருந்தாள்.

"நான் எழில்மதி பேசறேங்க. வேற யாரும் இல்ல" என்றாள். "சொல்லுங்க, எழுதிக்கறேன்."